ரெக்ஸ் பாஸ்கோ ரேடியோவில் சொன்னது

ஒரு பையன் மனசுக்குப் பிடித்துப்போனால், ரெக்ஸ் பாஸ்கோ முதலில் செய்கிற காரியம் அவனைப் பார்ப்பதை நிறுத்துவதுதான். பந்து அவன் கைக்கு வரும் நேரம் பார்த்துக் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். அவன் கோல் அடித்து, மைதானத்தைச் சுற்றி நிற்கிற கார்களெல்லாம் ஹாரன் அடித்துக் கொண்டாடும்போது, தெர்மாஸை ஆட்டி டீ மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர்களிடம் எதிர் அணிப் பையன்களைப் பற்றி மட்டுமே விசாரிப்பார்.

பைத்தியம் இல்லை, தொழில் அப்படி. நவம்பர் கடைசியில் டிராஃப்ட். ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் பெரிய கிளப்புகள் மெல்பர்னில் கூடி, சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி ஆளுக்கொரு பையனாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். வரிசையில் முன்னால் இருப்பவன் உன் பையனின் பெயரைச் சொல்லிவிட்டால், வருஷம் முழுக்க மழையிலும் காற்றிலும் அலைந்ததெல்லாம் போச்சு. ஆகவே ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேடுகிற ரெக்ஸ் போன்றவர்கள், பார்ப்பதைவிடப் பார்க்காதது போல் இருப்பதில்தான் கெட்டிக்காரர்கள். எந்தக் கிளப் ஆள் எந்த வீட்டில் டீ குடித்தான் என்பது மறுநாளே விம்மெரா வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வேண்டாத பையன் வீட்டில் போய் இரண்டு தடவை டீ குடித்து, அவன் அம்மா சுட்ட கேக்கையும் தின்றுவிட்டு வருவார்கள். வேண்டிய பையன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். காதலை இப்படிக் காட்டுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ரெக்ஸ் பார்க்காமல் இருந்த பையன் ஜெட் நோஸ்கே.

ரெயின்போ என்கிற ஊருக்கு வடக்கே, பார்லியும் கோதுமையும் போடுகிற குடும்பம். பையன் உயரம், காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும், ஓட்டம் பார்வைக்கு மந்தமாகத்தான் தெரியும். மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது தோள் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான், எனவே வேறு யார் கண்ணிலும் படவில்லை. ரெக்ஸின் கண்ணில் பட்டது ஜூலை மாத மழையில். ஜெட்டின் அணி மானம் போகிற மாதிரித் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசிக் கால்மணி நேரம். எதிர் அணிக்காரன் ஒருவன் பந்தோடு தனியாகக் கிளம்பிவிட்டான், முன்னால் கோல் கம்பங்களைத் தவிர எதுவும் இல்லை. ஜெட்டின் ஆட்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். ஜெட் மட்டும் மைதானத்தின் மறுகோடியிலிருந்து சேற்றில் துரத்தினான். பிடிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஓடினான். முன்னால் போனவன் பின்னால் கேட்ட காலடிக்குப் பயந்து அவசரமாக உதைக்க, பந்து கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது. தோற்றுப்போன ஆட்டத்தில் ஒரு தவறிய உதை, அவ்வளவுதான். ஒரு கார்கூட ஹாரன் அடிக்கவில்லை.

ரெக்ஸுக்கு லேஸ் கட்ட மறந்துபோயிற்று. அறுபத்திரண்டு வயசு மனிதர், காருக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே அவனைப் பார்ப்பதை நிறுத்தினார்.

கிளப்பில் அவர் பேச்சு எடுபட்டு வருஷக்கணக்காகிறது. அவர் சொல்கிற பையனின் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், வேறொருவனை எடுப்பார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் தான் கண்டெடுத்த ஒரே ஒரு பையனாவது கிளப்பின் சட்டையைப் போட்டு ஓடப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தத் தடவை ஆள் சேர்க்கும் பிரிவின் தலைவி நடாலி மனசு இறங்கினாள்.

"மூணாவது சுத்துல எடுக்கறேன் ரெக்ஸ், வாக்கு. ஆனா வேற எவனுக்கும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சுதுன்னா நமக்கு முன்னாடி தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"என்கிட்டயா சொல்றே?" என்றார் ரெக்ஸ்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காப்பாற்றியதுதான் வினையாயிற்று.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மைதானத்து கான்டீன் வரிசையில் கிளைவ் பெடாக் பின்னால் வந்து நின்றார். இன்னொரு கிளப்புக்காகப் பையன் தேடுகிறவர். இருபது வருஷமாக இரண்டு பேரும் ஒரே மைதானங்களில் சேர்ந்து நனைந்தவர்கள். ஒருவர் பிள்ளை கல்யாணத்துக்கு மற்றவர் போய் வந்தவர்கள். பையன்களைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் உண்மை பேசியதே இல்லை.

"அந்த நோஸ்கே எப்படிடா?"

"எந்த நோஸ்கே?"

"நடிக்காத. காதை நீட்டிக்கிட்டு ஒருத்தன் ஓடறானே."

"அட, அவனா?" ரெக்ஸ் நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "கால்ல ஈயம் கட்டின மாதிரி ஓடறான். நல்ல விவசாயியா வருவான் போ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், கிளைவும் சிரித்தார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை, இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பையும் தக்காளி சாஸும் நீட்டியது. ரெக்ஸ் வாங்கிக்கொண்டார். கொடுத்தவளின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிராஃப்டுக்குப் பையன்தான் தன் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனைக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அதற்குக் கடைசி நாளன்று மத்தியானம், ஹார்ஷம் ஊரில் தன் வீட்டில் ரெக்ஸ் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது நடாலி போனில் கூப்பிட்டாள்.

"ரெக்ஸ், உங்க பையன் இன்னும் பேர் கொடுக்கலை."

"கொடுத்திருப்பானே!"

"இல்லைங்கறேன். சாயங்காலம் அஞ்சு மணியோட மூடறாங்க."

ரெக்ஸ் ஜெட்டுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டார், எடுக்கவில்லை. குழாயைக்கூட மூடாமல் காரைக் கிளப்பினார். வழிநெடுக அறுவடை. தானிய லாரிகள் முன்னால் ஊர்ந்தன. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே முந்தினார். நோஸ்கே வீட்டு வாசலில் இறங்கியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. இத்தனை மாதத்தில் அந்த வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தவள் ஜெட்டின் அம்மா கெர்ரி. கையெல்லாம் வெண்ணெய். வயலில் இருப்பவர்களுக்கு சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது ரெக்ஸுக்கு.

"நான் ரெக்ஸ் பாஸ்கோ..."

"தெரியும். சாஸ் அதிகமா கேப்பீங்க."

ரெக்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை, அந்தக் கவுன்ட்டர், அந்தச் சிரிப்பு.

"ஏம்மா, ஜெட் ஏன் பேர் கொடுக்கலை?"

"எதுக்குக் கொடுக்கணும்? கால்ல ஈயம் கட்டினவன்தானே?" கெர்ரி ரொட்டியை அழுத்தி வெட்டினாள். "டன்ஸ்டன் பையன் வீட்டுக்கு நாலு கிளப்புல இருந்து வந்தாங்க. நீங்களே ரெண்டு தடவை போனீங்க, அவங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டா. இங்க ஒரு ஈ காக்கா வரலை. நீங்க சொன்னதை அவன்கிட்ட நான் மறைச்சுத்தான் வச்சேன். ஆனா வரிசையில நின்னவங்க சும்மா இருப்பாங்களா? திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டுட்டு வந்தான். அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை."

"அதெல்லாம் பொய்ம்மா. கிளைவ் காதுல விழணும்னு சொன்ன பொய்."

"விழ வேண்டாத காதுலயும் விழுந்துடுச்சே."

ரெக்ஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரச் சொல்லி அவள் கேட்கவில்லை. "அவன் எங்கே?"

"ஏரிக்கு அந்தாண்ட வயல்ல, அறுவடை மெஷின் மேல. அங்க போன் எடுக்காது. ஏரியைச் சுத்திக் கார்ல போனா நீங்க போய்ச் சேர அஞ்சரை ஆயிடும்."

"நீங்க இங்கேயே கம்ப்யூட்டர்ல அவன் பேரைப் போட்டுடலாமே?"

"அவன் வாயால சரின்னு சொல்லாம நான் போட மாட்டேன். ஒரு தடவை அவமானப்பட்டது போதும்."

பிறகு ஜன்னலோரம் இருந்த, வயல்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ரேடியோவைக் காட்டினாள். அறுவடைக் காலத்தில் எந்த வீட்டிலும் அது அணைவதே இல்லை. "பேசணும்னா அதுல பேசுங்க."

ரெக்ஸ் ரேடியோவைப் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு லாரியிலும் அதே அலைவரிசைதான். அடுத்த வயல்காரன் வாரன், கிளைவ் பெடாக்கின் மச்சான். அதில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரைக் கூட்டித் தண்டோரா போட்ட மாதிரிதான்.

கெர்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ரெக்ஸ் ரேடியோவின் மைக்கை எடுத்தார்.

"ஜெட், ஜெட் நோஸ்கே, கேக்குதா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். "கேக்குது. யாரு?"

"ரெக்ஸ் பாஸ்கோ பேசறேன். உங்க வீட்டுல இருந்து. நீ உன் பேரைக் கொடுக்கணும்பா. இன்னைக்கே."

"எதுக்குங்க? நான் நல்ல விவசாயியா வருவேன்னு கேள்விப்பட்டேனே."

எங்கெங்கோ வயல்களில் இருந்து இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்படிப் போடு ஜெட்டு!" என்றது ஒரு கரகரத்த குரல்.

ரெக்ஸ் இன்னும் பூசி மெழுகத்தான் பார்த்தார். பழக்கம் விடுமா? "இல்லப்பா, யாராவது ஒரு கிளப்புக்கு ஆர்வம் இருக்கலாம்..."

"இருக்கலாம்தான். மழைகூட வரலாம்னு ஞாயித்துக்கிழமையில இருந்து சொல்லிட்டிருக்காங்க. பார்லி கெடக்கு, நான் வச்சுடறேங்க."

"உண்மையைச் சொல்லுங்க," என்றாள் கெர்ரி மெல்ல. "இல்லேன்னா வச்சுட்டுப் போயிடுங்க."

அந்த மைக்கில் ஒரு விசேஷம் உண்டு. பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிற வரை, பக்கத்தில் வேறு யாரும் வாய் திறந்தாலும் எடுபடாது. ரெக்ஸ் பொத்தானை அழுத்தினார், அழுத்தியபடியே இருந்தார்.

"ஜெட், நான் சொன்னது பொய். வடிகட்டின பொய். இந்த வருஷம் நான் பார்த்ததுலயே எனக்குப் பிடிச்ச பையன் நீதான். ரெயின்போல மழை மேட்ச் ஞாபகம் இருக்கா? எல்லாரும் நின்னுட்டாங்க, நீ மட்டும் மைதானம் முழுக்கத் துரத்துனே. அவன் உன் காலடிக்குப் பயந்துதான் வெளிய உதைச்சான். அதை நான் பார்த்தேன். ஜெபாரிட் மேட்ச்ல, நீ கோட்டைவிட்ட இடத்துக்கே திரும்பப் போய் நின்னு, பந்தை எனக்குப் போடுன்னு கேட்டே. கழிப்பறைக்குப் பின்னால நின்னு அதையும் பார்த்தேன். உன் ஓட்டம் மந்தம் இல்ல. பந்து எங்க போகப் போகுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுது, அதனால நீ அவசரப்படறதில்ல. முறிஞ்ச உன் தோள் நல்லா ஆறிடுச்சான்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மாமான்னு பொய் சொல்லி விசாரிச்சேன். உன்னை மூணாவது சுத்துல எடுக்கறதா எங்க கிளப் சொல்லியிருக்கு. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். வேற எவனும் எடுத்துடக் கூடாதேன்னு உன் பக்கமே வராம இருந்தேன். அது உனக்கு எப்படி இருக்கும்னு இந்த மரமண்டைக்குத் தோணலை. மன்னிச்சுடுப்பா. பேரைக் கொடு."

கட்டைவிரல் வலித்தது. பொத்தானை விட்டார். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. கெர்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தாள்.

பிறகு அந்தக் கரகரத்த குரல்தான் முதலில் வந்தது. "ஏம்பா ஜெட்டு, இன்னும் என்ன யோசனை? சரின்னு சொல்லித் தொலையேன்."

"அம்மா," என்றது ஜெட்டின் குரல். அது ஒரு மாதிரி உடைந்திருந்தது. "போட்டுடும்மா."

ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கெர்ரி கம்ப்யூட்டரில் அவன் பெயரைப் போட்டாள். அவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நடாலி கூப்பிட்டுவிட்டாள். "விம்மெரா முழுக்க மைக் வச்சுச் சொன்னீங்களாமே?" என்றாள். ரெக்ஸ் ஆமாம் என்றார். அவள் பெருமூச்சு விட்டு, "சரி, பார்ப்போம்," என்று வைத்துவிட்டாள்.

டிராஃப்ட் அன்று சாயங்காலம் கெர்ரி ரெக்ஸை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தாள். "இனிமே ஒளிஞ்சு என்ன ஆகப்போகுது? வந்து உக்காந்து பாருங்க." சமையலறையில் தொலைக்காட்சியை இழுத்துப் போட்டு, ஜெட்டின் தங்கையும் அணிப் பையன்கள் சிலரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெட் நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா லயல் மட்டும் இல்லை.

"கோதுமை இருக்காம், மழை வருதாம்," என்றாள் கெர்ரி. பிறகு ரெக்ஸ் காதோடு, "மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. பேர் வராட்டிப் பையன் மூஞ்சியைப் பார்க்கணுமேன்னு பயம். மெஷின் மேல ஏறி உக்காந்துட்டாரு," என்றாள்.

முதல் சுற்று போயிற்று, இரண்டாவதும் போயிற்று. டன்ஸ்டன் பையனை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் ரெக்ஸின் கிளப்பின் முறை நெருங்கியது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கிளப், கிளைவ் பெடாக்கின் கிளப். ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜெட் நோஸ்கே," என்றது தொலைக்காட்சி.

வீடு இடிந்து விழுகிற மாதிரி சத்தம். பையன்கள் ஜெட்டைத் தூக்கிக் கூரையில் முட்டினார்கள். அவன் தங்கை அழுதாள். ரெக்ஸ் கண்ணைத் திறந்து, கைதட்டினார். மனசு நொறுங்கியது, கையும் தட்டியது, இரண்டும் உண்மைதான். நடாலி செய்தி அனுப்பியிருந்தாள்: நம்ம சீட்டு ரெடியா இருந்துச்சு ரெக்ஸ். இவன் பேர்தான் எழுதியிருந்தேன்.

அவர் பின்வாசல் படியில் போய் நின்றபோது கிளைவ் போனில் கூப்பிட்டார்.

"திட்டணும்னா திட்டிக்கடா."

"அந்தத் துரத்தலை நீ எங்கே பார்த்தே? சொல்லு."

"பார்க்கவே இல்ல. அன்னைக்கு நீ பேசறப்ப வாரன் எனக்குப் போன் போட்டு ரேடியோகிட்ட வச்சுட்டான். அப்புறமா வீடியோவெல்லாம் வாங்கிப் பார்த்தேன். அந்தத் துரத்தல் எதுலயும் இல்ல, கேமராக்காரன் பந்து பின்னாடியே போயிட்டான். உன் வாயை நம்பித்தான் எடுத்திருக்கேன். இருபது வருஷத்துல நீ பேசி நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். அதையும் நீ என்கிட்ட சொல்லல."

ரெக்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கேட்டுக்கோ," என்றார். "தப்புப் பண்ணினா உங்க ஆளுங்க அவனைப் பார்த்துக் கத்தக் கூடாது. அவனே திரும்பப் போய் அதே இடத்துல நிப்பான், விட்டுடணும். வீட்டு ஞாபகம் வரும், சொல்ல மாட்டான். நீதான் கேக்கணும். நல்லா ஆடினா நல்லா ஆடினேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. கேக்குதாடா?"

"கேக்குது."

அவர் உள்ளே வந்தபோது கெர்ரி மைக்கை நீட்டினாள். "ஜெட் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லுங்க. இந்த ரேடியோல உங்க பேச்சைத்தான் எல்லாரும் நம்பறாங்க."

ரெக்ஸ் தயங்கினார், பிறகு பொத்தானை அழுத்தினார். "லயல், ரெக்ஸ் பேசறேன். உங்க பையனை எடுத்துட்டாங்க. நாங்க இல்ல, கிளைவ் எடுத்துட்டான். நல்ல கிளப்பு. நல்லா பார்த்துப்பாங்க."

லயல் நோஸ்கே பேசி அந்த அலைவரிசையில் யாரும் அதிகம் கேட்டதில்லை. அவர் இரண்டு வார்த்தை பேசினால் அது டீசலைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ இருக்கும்.

"ரெக்ஸ்," என்றது கடைசியில் ஒரு குரல். "அந்த மழை மேட்ச். துரத்தினானே. நீங்க மட்டும் பார்க்கலை. நானும் பார்த்தேன். காருக்குள்ள உக்காந்திருந்தேன். கை ஹாரன் மேலதான் இருந்துச்சு."

நிறுத்தினார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"தோக்கற மேட்ச்ல எதுக்குன்னு அடிக்காம விட்டுட்டேன்."

ஜெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் வந்து நின்றான்.

பிறகு ரேடியோவில் ஹாரன் சத்தம் கேட்டது. அறுவடை மெஷினின் ஹாரன், நீளமாக, விடாமல். லயல் ஒரு கையால் மைக்கை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் வேறு யாராலும் இடையில் பேச முடியவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக, ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து அதே சத்தம் மெல்லிசாக வந்தது. ஜெட் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். அவன் அப்பா கையை எடுக்கிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டான்.